பாக்கி இருக்கும் ஒரு உதை

மாமா,

அந்தச் சத்தம் என் வாயிலிருந்து கிளம்பியபோது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் மகன், அதாவது என் வீட்டுக்காரர், பின்கட்டில் வெந்நீர் அடுப்புக்கு முன்னால். உங்கள் மகள் பார்வதி அடுக்களையில், காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டு. அச்சன்புதூரிலிருந்து வந்து தங்கியிருந்த உங்கள் தம்பி வெளி வராந்தாக் கட்டிலில், போர்வைக்குள். புளியறையிலிருந்து முதல் பஸ்ஸில் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்த டீக்கடை ஆச்சியும் அவள் மருமகளும் நடைவாசலில், அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டு. கூடத்தில் நான். எனக்கு எதிரே ஸ்டூலின் மேல் நீங்கள், மாலை போட்ட போட்டோவில். உங்களுக்கு முன்னால் விளக்கு. விளக்கின் தண்டில் சாய்த்து வைத்த என் போன்.

வேறு யாரும் இல்லை. அத்தனை பேருக்கும் அது ஒரு சத்தமாகக் கேட்டது. எனக்கும் உங்களுக்கும் மட்டும் வேறாக.

இன்றைக்கு இதை எழுத வைத்தது உங்கள் குல்லா. இரண்டு நாள் அடைமழை விட்டுக் காலையில் கொஞ்சம் வெயில் அடித்தது. குற்றாலத்தில் வெள்ளம், அருவிப் பக்கமே விடவில்லை என்று மாலை போட்ட சாமிமார்கள் வேன் வேனாக இந்தப் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நான் மாடிக் கொடியில் குல்லாவைக் காயப் போட்டேன். கம்பளி ஈரத்தோடு தைல வாசனை எழும்பியது. நீங்கள் நெற்றியில் தேய்க்கிற அதே தைலம். கொடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

உங்கள் பேரன் முத்து அமெரிக்காவிலிருந்து அனுப்பிய குல்லா அது. முன்னால் அவன் ஊர்ப் பந்தாட்ட அணியின் படம், உச்சியில் நூல் பந்து. அதை மாட்டிக்கொண்டு பெரிய கோயில் வாசல் காற்றில் போய் நிற்பீர்கள். உங்களோடு போலீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் கேலி செய்வார்கள்: "என்ன ஏட்டய்யா, பஞ்சு மிட்டாய் விக்கப் பொறப்பட்டாச்சா?" நீங்கள் அசர மாட்டீர்கள். "ஏலே, இது யூனிபாரம். நீ ரிட்டையர்டு. நான் இன்னும் டூட்டில இருக்கேன்."

அந்த டூட்டியில் எனக்கும் பங்கு வந்தது எப்படி என்று நினைத்துப் பார்க்கிறேன். மருமகளாக வந்து இருபது வருடத்துக்கும் மேல் உங்கள் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை. சாப்பாடு வைத்துவிட்டு நிலைக்குப் பின்னால் நிற்பேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன். அத்தை இருந்தவரை அந்தப் பதிலும் அத்தை வழியாகத்தான் போகும். அத்தை போனார்கள். சர்க்கரை உங்கள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. பிறகு முத்து வெளிநாடு போனான். அவன் இருக்கிற ஊரில், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற இந்த அமெரிக்கப் புட்பால் ஆட்டம்தான் பேச்சாம், இந்த ஆட்டம்தான் மூச்சாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே நடப்பதைத் திங்கட்கிழமை காலையில் இங்கே போட்டுப் பார்க்கிற மாதிரி ஏதோ பணம் கட்டி டிவியிலும் என் போனிலும் வைத்துக் கொடுத்தான்.

முதல் திங்கட்கிழமை ஞாபகம் இருக்கிறதா மாமா? நான் காப்பி டம்ளரோடு வந்தேன். நீங்கள் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"எம்மா, என்ன நடக்கு? எரைச்சல் மட்டும் கேக்கு."

"எனக்கும் வெளங்கல மாமா. எல்லாரும் ஒருத்தன் மேல போயி விழுதானுவ."

"பந்து எங்க?"

"அடியில கெடக்கும் போல."

"அப்ப யாரு மேல கேசு?"

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். உங்கள் எதிரில் சிரிப்பது அதுவரை வழக்கமில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். இங்கிலீஷ் எழுத்தைப் பஸ் போர்டிலும் மருந்துச் சீட்டிலும் கூட்டிக் கூட்டிப் படித்தவள். ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் கணக்குப் பிடிபட்டுவிடும் எனக்கு. பால் கணக்கு, கோயில் கட்டளைக் கணக்கு, மழைக்கால விறகுக் கணக்கு எல்லாம் அப்படி வந்ததுதான். இதுவும் வந்தது. பந்தை வைத்திருக்கிறவனுக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னால் நகர்த்த வேண்டும். நகர்த்தினால் மறுபடி நாலு. இல்லாவிட்டால் பந்து மற்றவனுக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு, அதன் பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்துவிட்டால் இன்னும் ஒன்று. கோட்டைத் தாண்ட முடியாமல் தூரத்திலிருந்தே கம்பத்துக்குள் உதைத்தால் மூன்று. இதை நான் சொல்லச் சொல்ல நீங்கள் டூட்டி பார்த்த புளியறை செக்போஸ்டாக மாற்றிக்கொண்டீர்கள்.

"புரிஞ்சுட்டும்மா. இவன் லாரி. அவன் செக்போஸ்ட். அவ்வளவுதானே? வீசுதானே ஒருத்தன், அவன் பேரு என்ன?"

"குவார்ட்டர்பேக் மாமா."

"குவாட்டரா! வெளங்கும். பேரையே அப்படி வச்சுக்கிட்டு எங்க கோட்டைத் தாண்ட?"

நான் நிலைக்குப் பின்னால் நின்று சொல்வேன். உங்களுக்குக் கேட்காது. கொஞ்சம் கத்துவேன். ஒருநாள் நீங்களே சொன்னீர்கள்: "அங்கன நின்னு கத்தாதம்மா. மாமனாரும் மருமவளும் சண்டை போடுதாவன்னு தெருவே நெனைக்கும். இங்கன வந்து உக்காரு." உங்கள் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கூசின கூச்சம் இருக்கிறதே, கால் இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கடுத்த திங்கட்கிழமை உங்கள் தட்டிலிருந்து முறுக்கு எடுத்தேன்.

ஒன்று மட்டும் நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். நம்ம பயலுவ கோட்டைத் தாண்டும்போது நான் அவன் ஓடுகிறான், இவன் தடுக்கிறான், அவன் விலகிவிட்டான் என்று முழு ஓட்டத்தையும் விவரித்துவிட்டுக் கடைசியில்தான் தாண்டிவிட்டான் என்பேன். உங்களுக்குப் பொறுக்காது. "வயர்லெஸ்ல அப்படியா சொல்லுவாவ? முதல்ல கூப்பிடு. பொறவு வெவரம் சொல்லு." அன்றிலிருந்து, தாண்டினதும் நான் "மாமா!" என்று கூப்பிடுவேன். அவ்வளவுதான். அந்த ஒரு கூப்பாட்டில் உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். கண்ணை மூடியபடி நாற்காலிக் கையில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். அப்புறம் நான் விவரம் சொல்வேன்.

இதைப் பார்வதி பார்த்த நாள்தான் எல்லாம் கெட்டது. ஆலங்குளத்திலிருந்து காலை பஸ்ஸில் சொல்லாமல் வந்துவிட்டாள். உங்களுக்குப் பிடிக்குமென்று எள்ளுருண்டை செய்து தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தாள். அவள் கண்டது என்ன? அவள் அப்பா கண்ணை மூடி, தாடையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் அண்ணன் பெண்டாட்டி, டிவியைப் பார்த்துக் கைதட்டிக் கூவுகிறாள். நான் எழுந்து நிற்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"கண்ணு தெரியாத மனுசனப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, தடிமாடு கணக்கா பயலுவ உருளுதத பாத்துக் கூப்பாடு போடுதிய. நல்லாருக்கு மதினி. ரொம்ப நல்லாருக்கு."

"ஏட்டி, அது எனக்காவ போட்டதுட்டி" என்று நீங்கள் சொன்னீர்கள்.

"நீங்க சும்மா இருங்கப்பா. சோறு போடுதவள விட்டுக்குடுப்பியளா?"

தூக்குச்சட்டியை அடுக்களை மேடையில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவள் என்னோடு பேசியதெல்லாம் "அப்பா சாப்ட்டாவளா", "மருந்து குடுத்தாச்சா" என்ற இரண்டு கேள்விதான். நீங்கள் எத்தனையோ முறை போனில் விளக்கிப் பார்த்தீர்கள். பார்வை இல்லாதவர் ஆட்டம் பார்க்கிறார் என்பதை அவள் நம்பவே இல்லை. என்னைக் காப்பாற்றச் சொல்கிற பொய் என்றே வைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் நம்ம பயலுவ ஆரம்பத்திலிருந்தே தோற்றார்கள். ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. பாதி சீசன் நெருங்கும்போதே பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முத்துவே வெறுத்துவிட்டான். "விட்டுருங்க தாத்தா, இந்த வருசம் இவனுவ தேற மாட்டானுவ" என்றான். எனக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தோல்வியையே வாரா வாரம் வாயால் சொல்ல வேண்டியவள் நான்தானே.

"மாமா, வேற நல்ல டீமா பாத்து வச்சுக்குவமா?"

"என்ன பேச்சும்மா இது? குத்தாலத்துல எத்தனை சீசன் பந்தோபஸ்து பாத்திருக்கேன் தெரியுமா? ஆடி நடுவுல திடீர்னு சாரல் நின்னு போவும். அருவி நூலா வடியும். வந்தவன்லாம் திட்டிக்கிட்டே பஸ் ஏறுவான். அதுக்காவ கடைக்காரன் கடையக் காலி பண்ணுதானா? மறுநாளே தண்ணி விழுந்து, ஊரே ஓடுத மாதிரி நாங்க விசில் ஊதிருக்கோம். ஆரம்பத்துல எல்லாவனும் ஆடுவான். கடைசில பெரியவன் ஆடுவான். நடுவுலதாம்மா யாரு என்னன்னு தெரியாது. நான் பாக்கதே அதுக்குத்தான்."

உண்மைதான். நீங்கள் கோப்பைக்காகப் பார்த்ததில்லை. கடைசி ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதையே அடுத்த மாதம் மறந்துவிடுவீர்கள். ஆனால் தோல்வியே காணாமல் வந்த அணி ஒன்று, ஒன்றுக்கும் ஆகாத அணியிடம் ஒரு ஐப்பசித் திங்களன்று மண்ணைக் கவ்வியதை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வீர்கள். போன வாரம் வரை நம்மோடு ஆடியவனை நடுவில் வேறு அணிக்கு மாற்றி, அவன் அந்தச் சட்டையோடு நம்மை எதிர்த்தே ஆடியபோது, "டிரான்ஸ்பர் ஆடர் வாங்கினவன் வேற என்ன செய்வான், பாவம்" என்று அவனுக்காகவும் வருத்தப்பட்டீர்கள்.

அந்தக் கடைசித் திங்கட்கிழமை. பாதி ஆட்டத்தில் அவர்கள் இருபது, நாம் முட்டை. போதாததற்கு நம் வீசுகிறவன் கணுக்காலைத் திருகிக்கொண்டு விழுந்தான். இரண்டு பேர் தோளில் தாங்கிக் கொண்டுபோனார்கள். அவனுக்கு மாற்றாக இருந்தவனுக்கும் முந்தின வாரமே அடி. மூன்றாவது ஒருவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தான்.

"யாரும்மா வாரான்?"

"பேரு வாயில நுழையல மாமா. புதுசு. சட்டை தொளதொளன்னு கெடக்கு. கையத் தொடச்சுக்கிட்டே இருக்கான்."

"புதுசா செக்போஸ்ட்டுக்கு வந்த பிசி கான்ஸ்டபிள் மாதிரி இருக்கானா?"

"அச்சு அசல் அப்படித்தான்."

நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "அப்ப இதைப் பாத்தே ஆகணும். பழைய பிசிக்கு டிரைவர் பேரெல்லாம் தெரியும், விட்டுருவான். புதுப் பிசிதான் லாரிய நிப்பாட்டுவான்."

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பாய்வதைப் பார்த்து நான் உங்கள் மகனைக் கூப்பிட்டேன். ஆட்டோவில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "நிப்பாட்டி வை. வந்து பாப்போம். முத்துட்டயும் சொல்லிரு. யாரும் முடிவச் சொல்லிறக் கூடாது."

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். செவ்வாய்க்கிழமை முத்து பேசினான். "அம்மா, தாத்தாட்ட போனக் குடு. ஒண்ணு சொல்லணும்."

"ஆட்டத்தப் பத்தின்னா வேண்டாம்லே. தாத்தா கண்டிசனா சொல்லிருக்காவ."

"இல்லம்மா, இத மட்டும்..."

"வேண்டாம்னா வேண்டாம். தாத்தா வந்து முழுசா பாப்பாவ."

அவன் குரலிலிருந்து நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் உங்கள் பேரன், குரலில் காட்டிக்கொடுக்க மாட்டான். நீங்கள் ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு வாங்கியபடி என் குரல் வந்த பக்கம் திரும்பித் தலையசைத்தீர்கள். சரியாகச் செய்தாய் என்கிற மாதிரி. புதன்கிழமை விடியும்போது போய்விட்டீர்கள். முத்துவால் வர முடியவில்லை. லீவும் விசாவும் சேர்ந்து கையைக் கட்டிவிட்டன. வீடியோவில் தெரிந்த உங்கள் காலைத் திரையிலேயே தொட்டுக் கும்பிட்டான்.

அந்தச் சத்தம் கிளம்பியது, பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் வந்த இரண்டாவது திங்கட்கிழமை. டிவியைத் துணி போட்டு மூடியாயிற்று. நான் குளித்துவிட்டு விளக்குக்கு எண்ணெய் விட வந்தேன். எண்ணெய் விட்டேன், திரியைத் தூண்டினேன், கும்பிட்டேன். எழுந்து போயிருக்க வேண்டும். திங்கட்கிழமை. அந்த நேரம். கை தானாகப் போய்ப் போனை எடுத்தது. நிறுத்திய இடத்தில் அப்படியே நின்றது ஆட்டம். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, உங்களுக்கும் தெரியட்டும் என்று விளக்கில் சாய்த்து வைத்தேன். துட்டி வீட்டில், விளக்குக்கு முன்னால், போட்டோவில் இருப்பவருக்கு ஆட்டம் காட்டினாள் உங்கள் மருமகள். அப்போது எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை என்பதுதான் இன்னும் வெட்கம்.

அந்தத் தொளதொளச் சட்டைக்காரன் லாரியை நிப்பாட்டினான் மாமா. இல்லை, அவன்தான் லாரி. நம் வாக்கில் இரண்டும் கலந்துவிடும். முதலில் ஏழு. அப்புறம் மூன்று. எதிராளி ஒரு மூன்று எடுத்தான். நாம் இன்னொரு ஏழு. இருபத்து மூன்றுக்குப் பதினேழு. கடிகாரத்தில் சில விநாடிதான் மிச்சம். நான்காவது வாய்ப்பு, கடைசி. நான் வாய்க்குள்ளேயே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீசுகிறவனைச் சுற்றி மூன்று பேர். ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டான். அவன் பாதி விழுந்தபடியே பந்தை எறிந்தான். பந்து அந்த மூலைக்குப் போனது. கோட்டுக்குள் இரண்டு காலையும் ஊன்றி நம் பயல் ஒருவன் அதைத் தாவி எடுத்தான்.

"மாமா!"

எந்தக் கட்டுப்பாடும் இல்லாத கூப்பாடு. தெருவுக்கே கேட்டிருக்கும். கை இரண்டும் தலைக்கு மேல் போய்விட்டன.

நடைவாசலில் நின்ற டீக்கடை ஆச்சிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? இறந்தவர் போட்டோ முன்னால் தலையில் கை வைத்து "மாமா" என்று ஒருத்தி அலறினால் அது என்ன? உள்ளே வருகிறவள் செய்ய வேண்டியதை ஆச்சி செய்தாள். செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"யய்யா, செக்போஸ்ட்டுக் காவலரே! இந்தப் புள்ளய இப்படிக் கதற விட்டுட்டுப் போயிட்டியளே!"

அவள் மருமகள் இந்தப் பக்கம் கட்டிக்கொண்டாள். உங்கள் தம்பி போர்வையோடு கட்டிலிலிருந்து உருண்டு, "என்ன, என்ன" என்று எழுந்து வந்தார். உங்கள் மகன் வெந்நீர்ச் செம்போடு ஓடி வந்தார். பார்வதி அடுக்களையிலிருந்து வந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை அவளுக்குப் பின்னாலேயே வந்தது. என்னைப் பார்த்தாள். அவள் முகம் உடைந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் கை என் மேல் பட்டது. "மதினீ..." என்று என் கழுத்தில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா மாமா? ஆச்சியின் தோளுக்கு மேலாக எட்டிப் போனைப் பார்த்தேன்.

இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. அந்த ஒரு உதை பாக்கி. உதைக்கிறவன் ஓடி வரத் தயாராகிக் காலைத் தரையில் உரசிக்கொண்டிருந்தான். மூன்று பெண்கள் என்மேல் விழுந்து அழுகிறார்கள், அதில் ஒருத்தி பெற்ற அப்பனைப் பறிகொடுத்தவள். நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கம்பத்தைத் தேடுகிறேன். நல்லவேளையோ கெட்டவேளையோ, பார்வதியின் முழங்கால் பட்டுப் போன் குப்புற விழுந்தது. யார் கையோ அதை ஓரமாகத் தள்ளியது. பிறகு எடுத்துப் பார்த்தபோது யார் விரலோ பட்டு ஆட்டம் அங்கேயே நின்றிருந்தது. இன்றுவரை அந்த உதையை நான் பார்க்கவில்லை. முத்துவிடமும் கேட்கவில்லை. அடுத்த ஆட்டங்கள் எதையும் பார்க்கவில்லை.

அழுகையும் வந்தது. அன்று மத்தியானம் பாத்திரம் துலக்கும்போது. செவ்வாய்க்கிழமை முத்து சொல்ல வந்தது இதைத்தானே என்று திடீரென்று உறைத்தது. அவனுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது. உங்களுக்கு மட்டும் தெரியாமல் நான் காவல் இருந்தேன். ஒரு வார்த்தை, "புதுப் பிசி நிப்பாட்டிட்டான் மாமா" என்று காதில் சொல்லியிருந்தால், நாற்காலிக் கைக்குப் பதிலாகத் தட்டக் கட்டிலின் கம்பி இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த அழுகைக்குச் சாட்சி இல்லை. கூப்பாட்டுக்கு ஐந்து பேர் சாட்சி.

அந்தக் கூப்பாடு உங்களுக்குச் சொல்லத்தானே, அதுவும் ஒருவகைத் துக்கம்தானே என்று மனசு எனக்குச் சாதகமாக எழுதப் பார்க்கிறது. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நொடியில் எனக்கு இருந்தது சந்தோஷம். கலப்படமில்லாத சந்தோஷம். நீங்கள் இல்லை என்பதே எனக்கு மறந்துவிட்டது. வராத வரவை வரவில் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் ஊர் எழுதிவிட்டது. டீக்கடை ஆச்சி புளியறைக்குப் போய், நிற்கிற லாரி டிரைவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்: "மாமனாருக்கு இப்படி அழுத மருமவள நான் பாத்ததே இல்ல." பூக்காரி என்னைக் கண்டால் ஒரு முழம் கூடுதலாக அளக்கிறாள். பதினாறு அன்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது பார்வதி எழுந்து நின்றாள். "பெத்த மக நானே அப்படி அழல. மதினிய நான் தப்பா நெனச்சிட்டேன். எல்லார் முன்னாலயும் சொல்லுதேன்." பிறகு உங்கள் பெட்டியிலிருந்து குல்லாவை எடுத்து என் கையில் வைத்தாள். "அப்பா தலையில இருந்தது. இது உங்களுக்குத்தான்." நான் வாங்கிக்கொண்டேன் மாமா. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். தீட்டுக் கழிந்தது, கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கோபுரம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். சாமி முன்னால் காட்ட முகம் இல்லை.

இப்போது பார்வதி தினமும் பேசுகிறாள். என்ன குழம்பு, மழை எப்படி, கால் வலி தேவலையா என்று. மூன்று வருடப் பேச்சைச் சேர்த்துப் பேசுகிறாள். நேற்றும் பேசினாள்.

"மதினி, ஞாயித்துக்கிழம வாரேன். ராத் தங்கி, திங்கக்கிழம காலைல அப்பா பாக்குத அந்தப் பந்து வெளாட்ட நானும் பாக்கணும்."

"அது எதுக்கு தாயி இப்ப?"

"அப்பா எத்தனையோ தடவ சொன்னாவ, அது எனக்காவ போட்டதுட்டின்னு. நான்தான் கேக்கல. நீங்க அவியளுக்குச் சொல்லுத மாதிரியே எனக்கும் சொல்லணும். கண்ணை மூடிக்கிட்டே கேக்கப் போறேன்."

அவள் கேட்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் மூன்று வருடமாகக் கேட்டதும் அதைத்தானே. ஆனால் நம்ம பயலுவ கோட்டைத் தாண்டினால் என் வாய் நிற்காது. "மாமா" என்றுதான் வரும், வேறு எதுவும் வராது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவளுக்கு ஒரு குரலை அடையாளம் தெரியாமல் போகுமா? என் கழுத்தில் முகம் வைத்து அழுத அன்றைக்குக் கேட்ட அதே குரல். அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். மறுபடி தூக்குச்சட்டியை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போவாளா, இல்லை உங்களைப் போல நாற்காலிக் கையைத் தட்டுவாளா, எனக்குத் தெரியவில்லை.

அவள் வந்தவுடனே, வாசலில் வைத்தே சொல்லிவிடவா? சொன்னால் குல்லாவைத் திருப்பிக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன். அவள் பேச்சைத் திருப்பி எடுத்துக்கொண்டால்தான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இல்லை, ஒன்றும் சொல்லாமல் ஆட்டத்தைப் போட்டுவிட்டு, அந்த உதையிலிருந்தே தொடங்கி, அவளாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடவா?

நீங்கள் சொன்ன முறைப்படியே எழுதியிருக்கிறேன். முதலில் கூப்பிட்டேன். பிறகு விவரம் சொன்னேன். நீங்கள் இருக்கிற இடத்தில் இப்போது கண் நன்றாகத் தெரியும். பந்து கம்பத்துக்கு நடுவே போயிற்றா இல்லையா என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பார்வதியிடம் நான் என்ன செய்யட்டும், அதை மட்டும் சொல்லுங்கள். கனவிலோ, காக்காய் வந்தோ, எப்படியானாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறுவதற்குள் எனக்குப் பதில் வேண்டும் மாமா.